பத்து மணிக்குக் கடற்கரை

என் பெண்கள் இருவரும் சீமையில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில், கடற்கரையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். மூத்தவள் கையில் ஒரு வாளி. இளையவள் தலையில் வைக்கோல் தொப்பி. பின்னால் நீலமும் வெள்ளையுமாகக் கடல். அந்த வீட்டார் விருந்தாளிகளிடம் என்ன சொல்லி அந்தப் படத்தைக் காட்டுகிறார்களோ எனக்குத் தெரியாது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த மணல் ஹாலிஎலை ஆற்றில் வாரியது, அந்தக் கடல் பள்ளத்தாக்கில் தேங்கிய மூடுபனி, அந்த அலை பங்களாத் தோட்டக்காரன் கையிலிருந்த பூவாளி. நிற்கிற இருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. இன்றுவரையிலும் பார்த்ததில்லை.

பெற்றவனும் பார்த்ததில்லை. படித்ததோடு சரி. கடலைப் பற்றி நான் படித்த புத்தகங்களை வரிசையாகக் கட்டினால் ஒரு தோணி செய்யலாம். என் பாட்டனார் இந்தியக் கரையிலிருந்து தோணியில் வந்தவர். அவரைக் கேட்டால், வாந்தி எடுத்ததைத் தவிர வேறொன்றும் நினைவில்லை என்பார். பதுளைக் கடைத்தெருவில் பிறந்து, பதுளையிலேயே இங்கிலீஷ் படித்து, கண்டி ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகிய எனக்குக் கடல் என்பது அச்சடித்த ஒரு பொருள்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. நான் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்துச்சாலை உத்தியோகத்தில் இருந்தேன். ‘மருந்துக்கார ஐயா’ என்று, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அழைப்பார்கள். காய்ச்சலுக்குக் கொயினா, மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய் என்பது அன்றைய வைத்திய சாஸ்திரத்தின் சுருக்கம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, மலை வேலைக்குப் போகப் பிடிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு விளக்கெண்ணெயைக் காட்டினாலே குணமாகிவிடும். அந்த வகையில் நான் கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தக் கைராசி என் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. இளையவளுக்கு அப்போது ஆறு வயது. இழுப்பு. மார்கழி, தை மாதங்களில் மலையிலிருந்து ஈரம் இறங்கி வீட்டுக்குள் குடியேறும்போது, அவள் நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவொன்றைத் திறந்து திறந்து மூடுவதுபோலச் சத்தம் கேட்கும். அலமாரியில் இருந்த ஒவ்வொரு புட்டியையும் அவளிடம் பரீட்சை பார்த்துவிட்டேன். தோட்டங்களைச் சுற்றிப்பார்க்க வந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இந்தக் குழந்தைக்குக் கடற்காற்று வேண்டும்” என்றார். என் அலமாரியில் இல்லாத ஒரே மருந்தை அவர் சொன்னார்.

ஆகவே கொழும்புக்கு எழுதினேன். கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றும் ஒரு கம்பெனியில், கூலியாட்களுக்கான மருந்துச்சாலைக்கு ஆள் தேவைப்பட்டது. பொங்கல் கழிந்த வாரம் பதில் வந்தது: இடம் உண்டு, குடியிருக்க வீடும் உண்டு, வீட்டின் பின்கட்டு கடலைப் பார்த்திருக்கும். மார்ச் மாத முடிவுக்குள், இப்போதுள்ள துரையின் கடிதத்தோடு நேரில் வரவேண்டும்; இல்லையேல் வேறு ஆள். என் மனைவி அந்தக் கடிதத்தைச் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவன் துரை கையெழுத்திட்ட சீட்டு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். அது இல்லாதவனை அடுத்த துரை வாசலில்கூட நிற்கவிடமாட்டார். லயத்தில் இருப்பவர்கள் அதைத் ‘துண்டு’ என்றார்கள். உத்தியோகஸ்தர்களாகிய நாங்கள் எங்களுடையதை ‘நற்சாட்சிப் பத்திரம்’ என்று சொல்லி, அவர்களிலிருந்து எங்களைப் பிரித்துக்கொண்டோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தின் அளவு மட்டுமே.

துரை நல்ல மனிதர்தான். கடிதத்தைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், பைப்பைத் தட்டினார். “தருகிறேன்” என்றார் இங்கிலீஷில். “ஆனால் துரைசானி உன் குழந்தைகளை வைத்துப் படம் எழுதப்போகிறாள். அது முடியட்டும். முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்.”

படம் முடிவதற்கு எத்தனை நாள் ஆகும்? நான் படித்த பத்திரிகைகளின்படி ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு. தாராளமாகத் தலையாட்டினேன்.

துரைசானி கல்யாணத்துக்கு முன் பிரான்ஸ் தேசத்தில் ஓவியம் பயின்றவர். கடலோர ஊரில் பிறந்தவர். ஐந்து வருஷமாகத் தேயிலையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் பங்களாவில் இருந்தார். முதல் நாள் என்னிடம், “என்னால் கடலுக்குப் போக முடியாது, அதனால் கடலை இங்கே வரவழைக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். லயத்துக்காரனுக்குத் துண்டு, எனக்குப் பத்திரம்; அவர் இங்கிருந்து போக யார் என்ன எழுதித் தருவது என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. நம் கவலையே தலைக்கு மேல் இருக்கும்போது துரைசானிக்காகக் கவலைப்படுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

கடல் வந்தது. பங்களாப் புல்தரை ஓரிடத்தில் சட்டென்று முடிந்து பள்ளத்தாக்கு தொடங்கும். அந்த விளிம்பில் ஆறு வண்டி ஆற்று மணல் கொட்டினார்கள். காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் பனி நிரம்பி, எதிர்மலைகள் தீவுகள்போல நுனி மட்டும் காட்டும். அதுதான் சமுத்திரம். குழந்தைகளின் கால் ஈர மணலில் மின்னவேண்டும் என்பதற்காகத் தோட்டக்காரன் பூவாளியோடு பக்கத்தில் நின்றான். துரைசானி கையை அசைத்தால் தண்ணீரை ஒரு வீச்சு வீசுவான்.

“இன்னைக்கு எனக்கு அலை வேலைங்க ஐயா” என்றான் என்னிடம், ரொம்பப் பெருமையாக. “காலையில கங்காணி எங்க போறேன்னு கேட்டாரு. அலைக்குப் போறேன்னு சொன்னேன். மலைக்குப் போறதவிட இது தேவலைங்க.”

பங்களாச் சமையல்காரரான அப்பு துரைசானிக்குக் குடை பிடித்தார். மதுரைப் பக்கத்து மனிதர்; முப்பது இங்கிலீஷ் வார்த்தை தெரியும், அதில் இருபது சாப்பாட்டைப் பற்றியது. நான் பத்து மணிக்கு மருந்துச்சாலையை மூடிவிட்டுக் குழந்தைகளைக் கூட்டிப்போவேன். ‘இடப்பக்கம் திரும்பு’, ‘தலையைக் குனி’ என்று துரைசானி சொல்வதைத் தமிழில் சொல்வது என் உத்தியோகம். துரைசானி கொடுத்த வெள்ளை கவுன்களில் என் பெண்கள் யாரோ வீட்டுப் பிள்ளைகள்போல இருந்தார்கள். அசையக்கூடாது. மூத்தவள் வாளியைப் பார்க்கவேண்டும். இளையவள் கடலைப் பார்க்கவேண்டும்.

“எங்கப்பா கடல்?” என்றாள் சின்னவள்.

“அதோ, அந்தப் பனி.”

“அது பனி.”

“ஆமாம். அதைத்தான் பார்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், மருந்துச்சாலையில் நான் தரும் தண்ணீர் கலந்த புட்டிகளை எல்லாம் கண்டுகொண்டுவிட்டது தெரிந்தது.

ஒரு வாரம் போயிற்று. துரைசானி ஒரு படத்தைத் தொடங்கி, சுரண்டி, மறுபடி தொடங்கினார். வெளிச்சம் மாறிவிட்டது என்றார். வெளிச்சம் நாள்தோறும் மாறும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அதற்காக யாரும் வேலையைச் சுரண்டியதில்லை. மாசி பிறந்தது. மூன்றாவது படம் நிலைத்தது.

அந்தப் படத்தை நான் முதலில் கிட்டே போய்ப் பார்த்தேன். அம்மியில் நாலு வகைச் சட்னியை ஒன்றன்மேல் ஒன்றாக அரைத்து வழிக்காமல் விட்டதுபோல இருந்தது. மரியாதைக்காகப் பத்தடி பின்னால் போனேன். அங்கிருந்து மறுபடி பார்த்தேன். சட்னி கடலாகியிருந்தது. மணலில் வெயில் இருந்தது. எங்கள் மலையில் இல்லாத வெயில். தண்ணீர் கால்களைச் சுற்றி வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் நின்றார்கள். என் பெண்கள்தாம் என்று சத்தியம் செய்ய முடியாது. வேறு யாருமல்ல என்று சத்தியம் செய்யலாம்.

அன்று சாயங்காலம் என் மனைவிக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். இது பிரான்ஸ் தேசத்துப் புதிய பாணி. பொருளை எழுதுவதில்லை, பொருளின் மேல் விழுகிற வெளிச்சத்தை எழுதுவது. துரைவீட்டிலிருந்து கழித்துப்போட்ட பழைய பத்திரிகைகளில் விவரமாகப் படித்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன்.

மூத்தவள் குறுக்கே வந்தாள். “எனக்கு நீலக் கால் போட்டிருக்காங்கம்மா. இவளுக்கு ஊதா மூஞ்சி.”

“நிழலில் அப்படித்தான் தெரியும்” என்றேன்.

என் மனைவி சின்னவளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “இழுப்பு வந்தா நம்ம புள்ளைக்கு அந்த நெறந்தான் வரும். அதத்தான் எழுதுறாங்களோ என்னமோ. எப்ப முடியுமாம்? அதச் சொல்லுங்க.”

“இன்னும் கண் எழுதவில்லை” என்றேன்.

நான் சொன்னது உண்மை. படத்தில் இரண்டு முகங்களிலும் கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மங்கலான தடவல்தான் இருந்தது. அதை முதலில் கவனித்தவர் அப்பு. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் காதருகே வந்து, “கண்ணு இன்னும் தொறக்கலீங்க சாமி” என்றார். “தொரசானி வெவரமானவங்க. கடைசியிலதான் தொறப்பாங்க.”

எங்கள் தோட்டத்தில் இதைப் புரியாதவர் யாரும் இல்லை. இரண்டு வருஷம் முன்பு கீழ்ப்பிரிவு மாரியம்மன் கோயிலுக்குச் சுதையில் புது அம்மன் செய்தபோது, சேலைக் கரை முதல் மூக்குத்திவரை வர்ணம் பூசி முடித்த பிறகும் அது வெறும் சுதைதான். எவரும் கும்பிடவில்லை. சாந்துச் சட்டியை அதன் மடியிலேயே வைத்திருந்தார்கள். கடைசி நாள் நல்ல நேரம் பார்த்து, திரை கட்டி, எதிரே கண்ணாடி பிடித்து, வர்ணக்காரர் இரண்டு கண்ணையும் திறந்தார். அதற்குப் பிறகுதான் அது அம்மன். அதற்குப் பிறகுதான் வேலை முடிந்தது என்று அவருக்கு வேட்டி துண்டு கொடுத்து அனுப்பினார்கள். அன்று பிடித்த கண்ணாடி நான் சவரம் செய்கிற கண்ணாடி. ஆகையால் இந்த விஷயத்தில் நானும் ஒரு அதிகாரி.

நாங்கள் காத்திருந்தோம். அப்பு கண் திறக்கிற அன்றைக்கு என்று ஒரு தேங்காயும் சூடமும் வாங்கிச் சமையலறையில் ஒளித்து வைத்தார். தோட்டக்காரன் பூவாளியைப் புளிபோட்டு விளக்கினான்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் துரைசானி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “எனக்குத் திருப்தி” என்றார். “நானும் என் தங்கையும் இப்படித்தான் நின்றோம்.” குழந்தைகளைக் கன்னத்தில் தட்டி, ஒரு முழு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். “மிகவும் நன்றி. நீங்கள் எவ்வளவு பொறுமைசாலிகள்!” என்றார்.

நான் படத்தைப் பார்த்தேன். கண் இல்லை. சரி, இன்றைய வேலையில் திருப்தி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரர்கள் உப்பை நகர்த்தித் தந்தாலும் நன்றி சொல்கிறவர்கள்.

மறுநாள் பத்து மணிக்கு, கவுன் மாட்டி, தொப்பி வைத்து, குழந்தைகளோடு போய் நின்றேன்.

துரைசானி வராந்தாவில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு ஒரு புன்னகை. “ஓ, வந்துவிட்டீர்களா!” என்று எழுந்து படத்தை வெளியே கொண்டுவரச் சொன்னார். குடை வந்தது, அலை வந்தது. அரைமணி நேரம் மேகத்தைத் தொட்டார், மணலைத் தொட்டார். அதற்கு அடுத்த நாளும் போனோம். அதற்கு அடுத்த நாளும்.

அந்த நாட்களில் அவர் கை நாளுக்கு நாள் மெதுவானதைக் கவனித்தேன். பிரஷ் படத்தைத் தடவும். வர்ணம் விழுவதே தெரியாது. அப்புகூடக் கேட்டார்: “சாயமே ஒட்டலியே சாமி?”

“இது நுட்பமான கட்டம்” என்றேன். “சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது.”

வீட்டில் என் மனைவி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். “ஒரு வார்த்த கேட்டாத்தான் என்ன? எப்பம்மா முடியும்னு கேட்டா நாக்கு உள்ள போயிருமா?”

“கேட்கக்கூடாது. நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? துரை முடிந்ததும் வா என்றார். முடியவில்லை. முடியாதபோது போய்க் கேட்டால், அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஆகிறது.”

“நீங்க படிச்சவங்க” என்றாள். பாராட்டுகிற குரலில் அல்ல.

இப்போது யோசித்தால் அந்த மூன்று வாரம் ஒரு விசித்திரமான சிறையாகத் தெரிகிறது. பூட்டு இல்லை, காவல் இல்லை. மலைப்பாதை பண்டாரவளைவரை திறந்து கிடந்தது. காலையில் கோழி கூவியதும் பத்து மணி ஆக இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடத் தொடங்குவேன். மூட்டை முடிச்சுகளை என் மனைவி முன்பே கட்டி வைத்திருந்தாள். அவற்றிலிருந்தே ஒவ்வொரு நாளும் ஒரு பாத்திரத்தை எடுத்துச் சமைத்து, கழுவி, மறுபடி கட்டுவாள். சின்னவள் ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பாள். கடற்காற்றுக்குப் போவதற்கான காகிதம் கிடைக்கவேண்டுமென்று, அந்தக் காற்று தீர்க்கவேண்டிய வியாதியை நான் தினம் அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியம் படித்தவன் செய்கிற காரியம்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலையில் சின்னவளுக்கு இழுப்பு கடுமையாக வந்தது. வெந்நீர் ஆவி பிடித்துக் கொஞ்சம் தணிந்தது. நான் கவுனைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொல்லவேண்டுமல்லவா, எடுத்தேன். என் மனைவி அதை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் போட்டாள். குழந்தையைப் போர்வையோடு இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பங்களாப் பாதையில் நடக்கத் தொடங்கினாள். அதுவரை அவள் பங்களாப் படியேறியதில்லை. உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் போகிற வழக்கமில்லை. நானும் மூத்தவளும் பின்னால் ஓடினோம்.

துரைசானி வழக்கம்போல எழுந்து வந்தார். படம் வெளியே இருந்தது. அப்பு குடையோடு நின்றார். என் மனைவி படத்தின் எதிரே போய் நின்று, முதல்முறையாக அதைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“கேளுங்க. கண்ணு எப்பத் தொறப்பாங்க?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இங்கிலீஷில் இதை எப்படித் தொடங்குவது? முதலில் மன்னிப்பு, பிறகு இன்றைய பனியைப் பற்றி ஒரு வாக்கியம், பிறகு ஓவியக் கலையைப் பற்றிப் பொதுவாக… மன்னிப்பு வாக்கியத்தின் நடுவில் ‘எனினும்’ என்ற இடத்தில் நான் நிற்கும்போதே அவள் என்னை விட்டுவிட்டு அப்புவைப் பார்த்தாள்.

“நீங்க கேளுங்கண்ணே.”

அப்பு குடையை மடக்கினார். தன் இரண்டு விரலால் தன் இரண்டு கண்ணையும் தொட்டார். பிறகு படத்திலிருந்த இரண்டு முகங்களையும் காட்டினார். “லேடி, வென்?” என்றார்.

துரைசானி சிரித்துவிட்டார். பிறகு என் மனைவியின் முகத்தையும் அவள் இடுப்பில் இரைத்துக்கொண்டிருந்த குழந்தையையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

“கண்ணா? கண் கிடையாது. அந்த வெயிலில், அந்தத் தூரத்தில் நிற்கிறவர்களுக்கு யார் கண்ணைப் பார்க்க முடியும்? படம் அன்றைக்கே முடிந்துவிட்டது. பிஸ்கட் கொடுத்தேனே, அன்றைக்கு.”

“அதற்குப் பிறகு…” என்றேன்.

“நீங்கள் மறுநாளும் வந்தீர்கள். குழந்தைகளுக்கு இங்கே வருவது அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவர்களை ஏமாற்றமடைய விட மனம் வரவில்லை. படம் கெட்டுவிடக்கூடாதே என்று வெறும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “உண்மையில் எனக்கு இந்த மணலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீங்கள் என்றைக்கு நிறுத்துவீர்கள் என்று காத்திருந்தேன்.”

“என்ன சொல்றாங்க?” என்றாள் என் மனைவி.

“முடிந்துவிட்டதாம்.”

“எப்ப?”

சொன்னேன். அவள் குழந்தையின் போர்வையை இழுத்து மூடினாள். அப்பு, “கண்ணே இல்லாமலா?” என்று படத்தைக் கேட்டார்.

நான் துரையின் ஆபீஸுக்கு ஓடினேன். ஆபீஸுக்கு ஓடி வரக்கூடாது என்பதும் ஒரு வழக்கம். அன்றைக்கு அதுவும் போயிற்று. துரை மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்தார். “மூன்று வாரமாக இங்கே இருக்கிறது” என்றார். “துரைசானி முடித்த அன்றே கையெழுத்துப் போட்டேன். நீ வரவில்லை.”

“துரையவர்கள் கூப்பிடவில்லை…”

“முடிந்ததும் வா என்றேனே?”

நான் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“மனம் மாறிவிட்டாய் என்று நினைத்தேன்” என்றார். “தினம் குழந்தைகளைப் பங்களாவுக்குக் கூட்டிவருகிறாய், சந்தோஷமாகத்தான் இருக்கிறாய் என்று துரைசானி சொன்னாள். போன வாரம் கொழும்பிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர்கள் உன்னைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். அவன் புறப்படுகிற அவசரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் போட்டேன்.” என்னைப் பார்த்து அன்போடு தலையசைத்தார். “எனக்கு அதில் சந்தோஷம்தான். உன்னைப்போல ஆள் கிடைப்பது சுலபமில்லை.”

ஒரு துரை உத்தியோகஸ்தனைக் கூப்பிட்டு உன் உத்தேசம் என்ன என்று கேட்பதும் வழக்கமில்லை. எல்லாரும் அவரவர் மரியாதையைச் சரியாகக் காப்பாற்றியிருந்தோம்.

பதுளைத் தபால் கந்தோருக்கு ஆளை ஓட்டிக் கொழும்புக்குத் தந்தி அடித்தேன். அன்றும் மறுநாளும் மூட்டைகளை யாரும் அவிழ்க்கவில்லை. மூத்தவள் மட்டும் பாதையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே இருந்தாள். முப்பதாம் தேதி மத்தியானம் தந்தி வந்தது. இடத்துக்கு ஆள் வைத்தாகிவிட்டது. அவ்வளவுதான்.

என் மனைவி அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். மூட்டையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, துரை கொடுத்த உறையைக் கேட்டாள். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிரித்து என்னிடமே நீட்டினாள்.

“இதுக்குத்தானே இத்தன நாளும். என்ன எழுதியிருக்காருன்னு படிங்க, கேப்போம்.”

நான் படித்துச் சொன்னேன். இவர் எங்கள் தோட்டத்தில் ஏழு வருஷமாக மருந்துச்சாலையை ஒழுங்காக நடத்திவருகிறார். மருந்துகளைப் பற்றிய அறிவும், கைச்சுத்தமும், காலந்தவறாமையும் உடையவர். காகிதத்தை மடித்தேன்.

“அவ்வளவுதானா?” என்றாள். “மூணு வரி இருக்கே.”

படிக்கத் தெரியாதவளுக்கு எண்ணத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. மறுபடி பிரித்தேன். இப்படி எழுதிய துரை எனக்கு ஒரு கெடுதலும் நினைத்தவரல்ல. அவருக்குத் தெரிந்த பெரிய பாராட்டு அதுவாக இருந்திருக்கும்.

“எதையும் கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாத சுபாவம் உள்ளவர்” என்று படித்தேன்.

என் மனைவி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

“பொய் ஒண்ணும் எழுதலியே அவரு” என்றாள். உள்ளே சின்னவள் இருமினாள். என் மனைவி ஆவி பிடிக்க அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.